குறட்டையும் மெடிக்கல் கார்டும்

அமெரிக்காவில் டிரக் ஓட்டுபவர்கள் கூடும் இடத்தில் ஸ்லீப் ஆப்னியா என்ற பேச்சு எழுந்தால், "டாக்டர் ஒருமுறை அதை எழுதிவிட்டால் வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார். இந்தப் பயத்தில் பாதிதான் நியாயம். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக மட்டும் யாருடைய வேலையும் போவதில்லை. கண்டுபிடித்த பிறகு சிகிச்சை எடுக்காதவருக்கும், எடுத்ததைக் காட்ட முடியாதவருக்கும்தான் மெடிக்கல் கார்டு, அதாவது உடல்தகுதிச் சான்று, கைக்கு வருவதில்லை. சரியாகத் திட்டமிடும் ஓட்டுநர் சில வாரங்களில் பரிசோதனை, கருவி, சான்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடரலாம். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

இரவில் நடப்பது

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சு மூச்செடுக்க முயன்றுகொண்டே இருக்கும்; காற்று உள்ளே போகாது. குறைந்தது பத்து விநாடி இப்படி நின்றால் அதை ஓர் ஆப்னியா என்று கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் விழிக்கவைக்கும். தொண்டை திறந்து, பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தூங்கியவருக்குக் காலையில் இது எதுவும் நினைவிருக்காது.

ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது கணிசமாகக் குறைகிறது என்ற எண்ணிக்கைக்கு ஏஹெச்ஐ என்று பெயர். 5க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15க்குள் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமை. ஏஹெச்ஐ 40 உள்ளவர் எட்டு மணி நேரம் தூங்கினால் 320 தடவை மூச்சு தடைப்படுகிறது. அவர் எட்டு மணி நேரம் தூங்கியதாகத்தான் நினைத்துக்கொள்வார். தலைவலியோடு எழுந்து, மதியம் கண் எரிந்து, அதைக் காப்பியால் சமாளித்து, "இந்தத் தொழிலே இப்படித்தான்" என்று வருடக்கணக்கில் ஓட்டுவார்.

லாக் சரியாக இருந்தும் ஓட்டுநர் களைத்திருப்பதற்கு இதுவே காரணம். பத்து மணி நேர ஓய்வு, அதன்பின் 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேர ஓட்டம் என்ற விதியை மின்னணு லாக் கருவி நிமிடம் தவறாமல் பதிவு செய்கிறது. ஓய்வு நேரத்தில் ஓட்டுநருக்கு உண்மையில் தூக்கம் கிடைத்ததா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. மணிக்கு 65 மைல் வேகத்தில் நான்கு விநாடி கண் செருகினால், வண்டி 115 மீட்டருக்கு மேல் ஓட்டுபவர் இல்லாமலே போய்விடுகிறது.

இது அபூர்வமான நோயும் இல்லை. பென்சில்வேனியாவில் வணிக வாகன உரிமம் வைத்திருப்பவர்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு, அவர்களில் சுமார் 28 சதவீதத்தினருக்கு லேசானது முதல் கடுமையானது வரை ஏதோ ஓர் அளவில் இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. கடுமையான நிலை 4.7 சதவீதம். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, நேரங்கெட்ட சாப்பாடு, ஏறும் எடை, தடிக்கும் கழுத்து எல்லாம் இந்தத் தொழிலோடு வருபவை.

தமிழ் ஓட்டுநர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு, வெள்ளையர்களைவிடக் குறைந்த உடல் எடையிலேயே இந்த நோய் வரலாம். தாடை, முக எலும்புகளின் அமைப்பும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. "நான் அப்படியொன்றும் குண்டு இல்லையே" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். மாத்திரைகள் எடுத்தும் அடங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் பல நேரம் இந்த நோய்தான் ஒளிந்திருக்கும்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

மாநிலம் விட்டு மாநிலம் வணிக வாகனம் ஓட்டுபவர்களின் உடல்தகுதியை வகுப்பது எஃப்எம்சிஎஸ்ஏ என்ற மத்திய நிர்வாகம். 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடைத்தகுதி உள்ள வண்டி என்றாலே இந்த விதிகள் பொருந்தும். மத்திய விதித்தொகுப்பின் 391.41 என்ற பிரிவில் தகுதிகள் வரிசையாக உள்ளன. அதில் ஸ்லீப் ஆப்னியா என்ற பெயர் கிடையாது. வண்டியைப் பாதுகாப்பாக ஓட்டுவதைக் கெடுக்கக்கூடிய சுவாசக் கோளாறு இருக்கக்கூடாது என்ற பொது வாசகம்தான் இருக்கிறது. இத்தனை பிஎம்ஐ இருந்தால் பரிசோதனை கட்டாயம் என்றோ, கருவியை இத்தனை மணி நேரம் போட்டால் போதும் என்றோ மத்திய விதி எதுவும் சொல்வதில்லை.

ஏன் இல்லை? 2013 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சிறு சட்டம் இயற்றியது. தூக்கக் கோளாறுக்கான பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டுமென்றால் அதை வழிகாட்டுதலாக வெளியிடக்கூடாது. பொதுமக்களின் கருத்தைக் கேட்டு முறையான விதியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்றது அது. அதன்படி 2016 மார்ச்சில் எஃப்எம்சிஎஸ்ஏவும் ரயில்வே நிர்வாகமும் முதல் அடி எடுத்து வைத்தன. 2017 ஆகஸ்டில் அந்த முயற்சியையே கைவிட்டன. என் பார்வையில் அது ஓட்டுநர்களுக்கு நன்மை செய்யவில்லை. தெளிவான ஒரே விதி இருந்தால் எந்த ஊரில் பரிசோதனைக்குப் போனாலும் அளவுகோல் ஒன்றாக இருக்கும். இப்போது எல்லாம் சான்று தரும் பரிசோதகரின் மருத்துவத் தீர்ப்பில் நிற்கிறது. ஒருவர் கழுத்தை அளந்து பார்த்துத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். இன்னொருவர் கேள்வியே கேட்காமல் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

ஆனாலும் பல பரிசோதகர்கள் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. எஃப்எம்சிஎஸ்ஏவின் மருத்துவ மறுஆய்வுக் குழு 2016இல் கொடுத்த பரிந்துரைதான் அது. சட்ட பலம் இல்லாவிட்டாலும் நடைமுறையில் இதை ஒட்டியே பலர் முடிவெடுப்பதால், நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் என்றால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 33 முதல் 40க்குள் என்றால், இன்னும் மூன்று ஆபத்துக் காரணிகளாவது சேர்ந்திருக்க வேண்டும்: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் தமனி நோய், பக்கவாத வரலாறு, சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருப்பது, சிறிய அல்லது உள்வாங்கிய தாடை, குறுகிய தொண்டை, ஆண்களுக்கு 17 அங்குலத்துக்கும் பெண்களுக்கு 15.5 அங்குலத்துக்கும் மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, 42 வயது அல்லது அதற்கு மேல், ஆணாக இருப்பது போன்றவை. வண்டி ஓட்டும்போது தூங்கி விபத்து நேர்ந்தவரையும், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் தூக்கம் தள்ளுகிறது என்று ஒப்புக்கொள்பவரையும், காரணம் தெரிந்து சரியாகும் வரை ஓட்டவிடக்கூடாது என்றும் அந்தக் குழு சொன்னது.

கணக்கு புரிவதற்காக: 5 அடி 8 அங்குல உயரம் உள்ளவருக்கு பிஎம்ஐ 33 என்பது ஏறக்குறைய 98 கிலோ, அதாவது 217 பவுண்டு. 40 என்பது 119 கிலோ, 263 பவுண்டு. 45 வயது ஆண், ரத்த அழுத்த மாத்திரை, 17.5 அங்குலக் கழுத்து, 220 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், பரிசோதகர் வாய் திறக்கும் முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.

பரிசோதகருக்கு முன்னால்

டிஓடி மெடிக்கல் என்று எல்லோரும் சொல்லும் அந்த உடல்தகுதிப் பரிசோதனையை, எஃப்எம்சிஎஸ்ஏவின் தேசியப் பதிவேட்டில் பெயர் உள்ள பரிசோதகர்தான் செய்ய முடியும். உங்கள் குடும்ப மருத்துவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்தப் பதிவேட்டில் இல்லையென்றால் அவர் கையெழுத்து செல்லாது. சான்று அதிகபட்சம் 24 மாதம் செல்லும். எவ்வளவு குறைவாகவும் கொடுக்கலாம்.

முதலில் எம்சிஎஸ்ஏ-5875 என்ற படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டும். தூக்கக் கோளாறு, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகல் தூக்கம், சத்தமான குறட்டை ஆகியவற்றுக்கு ஒரு கேள்வி. இதற்குமுன் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று தனியாக ஒரு கேள்வி. இந்த இரண்டு கட்டங்களில்தான் பலருடைய கை தயங்குகிறது. உண்மையை எழுதுங்கள். படிவத்தின் கீழே போடும் கையெழுத்தோடு, பொய்யான தகவல் கொடுத்தால் சான்று செல்லாமல் போகலாம், அபராதமும் வரலாம் என்பதை அறிந்தே கொடுக்கிறேன் என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். நாளை ஒரு விபத்து நடந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்கும் காகிதங்களில் இதுவும் ஒன்று. உங்கள் பழைய மருத்துவக் குறிப்பில் "ஆப்னியா" என்றும் இந்தப் படிவத்தில் "இல்லை" என்றும் இருந்தால், அதற்குப் பிறகு உங்களைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

பரிசோதகருக்குச் சந்தேகம் வந்தால் அவர் முன் சில வழிகள் உண்டு. குறுகிய காலச் சான்று கொடுத்து, அதற்குள் தூக்கப் பரிசோதனையை முடித்து வரச் சொல்லலாம். மூன்று மாதம் என்பது பரவலான வழக்கம். அல்லது "தீர்மானம் நிலுவையில்" என்று பதிந்து 45 நாள் வரை முடிவைத் தள்ளிவைக்கலாம். அந்த 45 நாளில் உங்கள் பழைய சான்று இன்னும் செல்லுபடியாக இருந்தால் மட்டுமே நீங்கள் ஓட்ட முடியும். அது முடிந்த நாளோடு ஓட்டமும் முடிகிறது. 45 நாளுக்குள் தேவையான காகிதங்களோடு திரும்பாவிட்டால் பரிசோதனையையே முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஆகவே, இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய சான்று முடிய மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே தூக்கப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். சான்று முடிவதற்கு முந்தின வாரம் டிஓடி மெடிக்கலுக்குப் போகிறவர்தான் வண்டியை நிறுத்திவிட்டு, சம்பளமில்லாமல், தூக்க ஆய்வகத்தின் தேதிக்காகக் காத்திருக்கிறார். முன்கூட்டியே போகிறவர் அறிக்கையையும் கருவியின் பதிவையும் கையோடு கொண்டுபோய் மேசையில் வைக்கிறார். அவருடைய பரிசோதனை மற்றவர்களுடையதைப் போலவே அரை மணி நேரத்தில் முடியக்கூடும்.

ஒரு பரிசோதகர் மறுத்தால் இன்னொருவரிடம் போக உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையின் முடிவும் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டாம் இடத்தில் வேறு கதை சொல்வது உதவாது. 2025 ஜூன் 23 முதல் முடிவுகள் மின்னணு வழியாக நேரே மாநில உரிம அலுவலகத்துக்குப் போகும் முறையும் நடைமுறைக்கு வந்துவிட்டது. சில மாநிலங்கள் அந்தத் தேதிக்குத் தயாராகவில்லை. அதனால் பரிசோதகரிடம் காகிதப் பிரதியையும் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சான்று காலாவதியானால் மாநிலம் உங்கள் வணிக உரிமத்தைச் சாதாரண உரிமமாக இறக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பரிசோதனை

தூக்கப் பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கி, தலையிலும் நெஞ்சிலும் காலிலும் கம்பிகளை ஒட்டிச் செய்வது முழுமையானது. வீட்டிலேயே, ஏன், வண்டியின் ஸ்லீப்பர் படுக்கையிலேயே கூடச் செய்யக்கூடிய சிறு கருவி இன்னொன்று. விரலில் ஆக்சிஜன் அளவி, மூக்கில் குழாய், நெஞ்சில் பட்டை அவ்வளவுதான். செலவு குறைவு, காத்திருப்பும் குறைவு. கருவியை அணிந்தவர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்ய, கழற்றினால் தெரிந்துவிடும் கைப்பட்டையோடு கொடுக்கும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்களும் பரிசோதகர்களும் கேட்பார்கள். எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று முதலிலேயே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டுப் பரிசோதனையில் ஒரு குறை இருக்கிறது. அது பொதுவாகத் தூங்கிய நேரத்தை அளப்பதில்லை, பதிவான நேரத்தையே அளக்கிறது. நீங்கள் இரண்டு மணி நேரம் புரண்டு படுத்திருந்தால் அதுவும் வகுக்கும் எண்ணில் சேர்ந்து, ஏஹெச்ஐ உண்மையைவிடக் குறைவாக வரும். பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்கள், ஆனால் முடிவு இயல்பு என்று வந்தால், அதோடு விடாமல் ஆய்வகப் பரிசோதனை கேளுங்கள்.

தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குச் சாட்சி இல்லாததுதான் சிக்கல். கைப்பேசியில் இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். குறட்டை, திடீர் நிசப்தம், பிறகு மூச்சுத் திணறும் சத்தம் என்று மாறி மாறி வந்தால் அதுதான். வீட்டில் மனைவியோ கணவரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். டீமாக ஓட்டும்போது கூட வருகிற தம்பி, "அண்ணை, நித்திரையில உங்களுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருகுது" என்று சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். அவர் உங்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம் அது.

லேசான நிலை, பகல் தூக்கம் இல்லை என்றால் பெரும்பாலும் தடையின்றிச் சான்று கிடைக்கும். ஏஹெச்ஐ 15ஐத் தாண்டினால் சிகிச்சையைக் காட்டச் சொல்வார்கள்.

ஸ்லீப்பரில் சிபாப்

சிகிச்சைகளில் முதலிடம் சிபாப்புக்குத்தான். 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் அறிமுகப்படுத்திய முறை இது. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று தொடர்ந்து போய், தொண்டை மூடிக்கொள்ளாமல் திறந்தே வைத்திருக்கும். பலருக்கு ஒரு சில இரவுகளிலேயே பகல் தெளிந்துவிடுகிறது. சிலருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் முகமூடியைக் கழற்றி எறியத் தோன்றும். அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டுக் கட்டிலுக்காகச் செய்த கருவியை வண்டிக்குள் கொண்டுபோகும்போது சில விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது மின்சாரம். கருவி உற்பத்தியாளர் விற்கும் டிசி அடாப்டரை வாங்கி வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுவதே நல்லது. பல கருவிகள் உள்ளே 24 வோல்ட்டில் ஓடுவதால் கிடைத்த கம்பியைச் செருகினால் வேலை செய்யாது. இன்வெர்ட்டர்தான் என்றால் தூய சைன் அலை வகையாக இருக்கட்டும். மின்சாரத்தை அதிகம் இழுப்பவை ஈரப்பதமூட்டியும் சூடாகும் குழாயும்தான். எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்க வேண்டிய இடங்களில் இவற்றை நிறுத்திவிட்டால் பேட்டரி காலை வரை தாங்கும். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்த அனுமதிக்காத மாநிலங்கள் பல; எஞ்சினை அணைத்த பிறகும் மின்சாரம் தரும் ஏபியு இல்லாத வண்டியில் ஓட்டுபவர் தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்வது நிம்மதி.

ஈரப்பதமூட்டிக்கு வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். வண்டி கிளம்பும் முன் தொட்டியைக் கழற்றிக் கொட்டிவிடுங்கள். தண்ணீரோடு வண்டி குலுங்கினால் அது மோட்டாருக்குள் போய்க் கருவி பழுதாகும். குளிர்காலத்தில் மினசோட்டாவிலோ நார்த் டகோட்டாவிலோ வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டுப் போனால் தொட்டியில் மிஞ்சிய நீர் உறைந்து பிளக்கும். காற்று வடிகட்டியை வீட்டில் மாற்றுவதைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். வண்டித் தூசி அப்படி.

முகமூடியின் அளவு சரியாக இல்லாவிட்டால் காற்று கண்ணில் அடிக்கும், சத்தம் போடும், காலையில் மூக்கின் மேல் புண்ணாகும். மீசை, தாடி வைத்தவர்களுக்கு முகமூடி விளிம்பில் காற்றுக் கசிவது சகஜம். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறு வகையை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வாய் திறந்து தூங்குபவருக்கு அது பொருந்தாது. முதல் மாதத்தில் முகமூடியை மாற்றித்தருவது பல கடைகளில் வழக்கம். கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். பழைய பிலிப்ஸ் கருவி வைத்திருப்பவர்கள், 2021 ஜூனில் அந்நிறுவனம் திரும்பப் பெற்ற மாடல்களில் அது ஒன்றா என்று பார்த்துக்கொள்ளவும்.

இனிப் பதிவு. கருவி ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், கருவி போட்டும் மிஞ்சும் ஏஹெச்ஐ எவ்வளவு, காற்று எவ்வளவு கசிந்தது என்று எழுதிவைக்கிறது. பரிசோதகர் கேட்பது இந்த அறிக்கையைத்தான். பரவலாக ஏற்கப்படும் குறைந்தபட்சம், 70 சதவீத இரவுகளில் நான்கு மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும் என்பது. மெடிகேர் காப்பீடு கருவிக்குப் பணம் தர வைத்திருந்த அளவு அது. அங்கிருந்து டிரக் உலகத்துக்கும் வந்துவிட்டது. நான்கு மணி நேரம் கார்டுக்குப் போதலாம், உடம்புக்குப் போதாது. முகமூடியைக் கழற்றிய பிறகு வரும் தூக்கத்தில் நோய் அப்படியே திரும்பிவிடுகிறது. விடியற்காலையில் வரும் கனவுத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சு அதிகம் தடைப்படும். தூங்கும் நேரமெல்லாம் போடுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் போடுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

இரவு ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பல கருவிகள் ஒரு நாளை நண்பகல் 12 முதல் மறுநாள் நண்பகல் 12 வரை என்று கணக்கிடுகின்றன. காலை 9 முதல் மாலை 3 வரை தூங்கினால், அந்தத் தூக்கம் இரண்டு நாட்களில் பாதி பாதியாகப் பதிவாகும். நேரம் மாறி மாறித் தூங்கும் வாரங்களில் அறிக்கை உண்மையைவிட மோசமாகத் தெரியலாம். அப்படியிருந்தால் உங்கள் லாக் பிரதியையும் கொண்டுபோய்ப் பரிசோதகரிடம் விளக்குங்கள். வெறும் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை நன்றாக நடக்கிறது என்றால் பொதுவாக ஒரு வருடச் சான்று கிடைக்கும்; ஆண்டுதோறும் புதிய அறிக்கையோடு போக வேண்டும். கருவி எடுத்த புதிதில், முதல் சில வாரப் பதிவைப் பார்த்துவிட்டுக் குறுகிய சான்று கொடுத்து, பிறகு ஒரு வருடத்துக்கு நீட்டுபவர்களும் உண்டு.

சிபாப் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. தாடையை முன்னுக்குத் தள்ளும் பல் கருவி லேசான, நடுத்தர நிலையில் உதவும். ஆனால் பெரும்பாலான பல் கருவிகள் பயன்பாட்டைப் பதிவு செய்யாததால் சில பரிசோதகர்கள் ஏற்கத் தயங்குவார்கள். நாக்கு நரம்பைத் தூண்டும், உடலுக்குள் பதிக்கும் கருவிக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பரில், உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு செப்பவுண்ட் என்ற ஊசிமருந்தையும் அனுமதித்தார்கள். எடை குறைந்தால் நோயும் குறையும் என்பது உண்மை. எடை குறைந்துவிட்டது என்று நீங்களாகவே கருவியை ஓரம் வைத்துவிடக்கூடாது. மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே நிறுத்த வேண்டும். தூக்கமாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதால் இரண்டையும் தவிர்க்கவும்.

மறைப்பதன் விலை

2000 ஜூலை 26 அன்று டென்னசி மாநிலம் ஜாக்சன் அருகே ஐ-40 நெடுஞ்சாலையில், சாலைப்பணி வண்டிகளுக்குக் காவலாகப் பின்னால் வந்துகொண்டிருந்த போலீஸ் காரின் மீது ஒரு டிரக் மோதியது. போலீஸ்காரர் இறந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, ஓட்டுநருக்கு ஸ்லீப் ஆப்னியா இருப்பது முன்பே கண்டறியப்பட்டிருந்தது தெரியவந்தது. மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. தகுதியற்ற ஓட்டுநரைக் கண்டுபிடித்து விலக்க மருத்துவச் சான்று முறை தவறியதையே வாரியம் காரணமாகச் சொன்னது.

2009 ஜூன் 26 அன்று ஓக்லஹோமாவின் மயாமி ஊரருகே, நெரிசலில் நின்றிருந்த கார்களின் மேல் ஒரு டிரக் பிரேக் பிடிக்காமலே ஏறியது. பத்துப் பேர் இறந்தார்கள். போதிய தூக்கமின்மை, விடிகாலை வேலைநேரம் ஆகியவற்றோடு லேசான ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்த களைப்பே காரணம் என்றது அறிக்கை. லேசானது என்பதைக் கவனியுங்கள். அளவு சிறிதாக இருந்தாலும், தூக்கக் குறைவோடு சேரும்போது அது ஆளைச் சாய்க்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஷ்னைடர் என்ற பெரிய டிரக் நிறுவனத்தின் ஓட்டுநர்களை வைத்து 2016இல் வெளியான ஆய்வு, கருவி கொடுத்தும் அதைப் பயன்படுத்தாதவர்களுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள், நோய் இல்லாதவர்களைவிட ஐந்து மடங்கு இருந்ததாகக் கண்டது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களின் விபத்து விகிதம் நோய் இல்லாதவர்களோடு ஒத்திருந்தது. சிகிச்சை எடுக்கும் ஓட்டுநர் மற்றவரைப் போலவே பாதுகாப்பானவர் என்று உங்கள் நிறுவனத்திடம் நிமிர்ந்து சொல்ல இது போதும்.

நிறுவனம் கேட்டால் பரிசோதனைக்கு மறுக்க முடியுமா? கிரீட் கேரியர் என்ற நிறுவனம் பிஎம்ஐ 35ம் அதற்கு மேலும் உள்ள ஓட்டுநர்களைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பியது. மறுத்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2016 அக்டோபரில் எட்டாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, மத்திய விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் முதலாளி கேட்கலாம். பரிசோதனைக்கும் கருவிக்கும் யார் பணம் தருவார்கள், ஓட்டமில்லாத நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கனடா உரிமத்தோடு எல்லை தாண்டுபவர்களுக்கு

டொராண்டோவிலிருந்து அமெரிக்காவுக்கு லோடு எடுக்கும் தமிழர்களுக்கு நடைமுறை வேறு. 1999இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, செல்லுபடியாகும் கனடா வணிக உரிமமே மருத்துவத் தகுதிக்கும் சான்று. தனியாக அமெரிக்க மெடிக்கல் கார்டு தேவையில்லை. உரிமத்தில் டபிள்யூ குறியீடு இருந்தால் கனடாவுக்குள் மட்டுமே வணிக வாகனம் ஓட்டலாம். ஒன்டாரியோவில் 46 வயதுக்குக் கீழ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், 46 முதல் 64 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், 65 முதல் ஆண்டுதோறும் மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு என்பது நீண்ட இடைவெளி. அதற்குள் எடை ஏறும், கழுத்துத் தடிக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே கனடா ஓட்டுநர்கள் படிவத்துக்காகக் காத்திராமல் தங்கள் குடும்ப மருத்துவரிடம் தாங்களே கேட்டுத் தூக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரை வாங்க வேண்டும்.

டிஓடி மெடிக்கலுக்குப் போகும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: தூக்கப் பரிசோதனை அறிக்கை, சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம், கருவியின் கடைசி 90 நாள் பதிவு (ஆண்டுச் சான்றைப் புதுப்பிப்பவர்கள் முழு ஆண்டுப் பதிவையும்), எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். சான்று முடியும் தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள். நான்கு மாதத்துக்குள் வருகிறது, உங்களுக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் இருக்கிறது என்றால், அடுத்த லோடை ஒப்புக்கொள்ளும் முன் தூக்க மருத்துவரை அழைத்துத் தேதி வாங்கிவிடுங்கள்.